நான்கில் ஒன்று, ஐந்தில் இரண்டு

பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபம்.
நேற்றைய மணமக்கள் இன்னும் மேடையை விட்டுப் போகவில்லை.
தெர்மாகோல் எழுத்தில் பாதி உரிக்கப்பட்டு
'திவ்' என்றும் 'குமார்' என்றும் தொங்குகிறார்கள்.
அவர்கள் மேலேயேதான் கட்டியிருக்கிறோம்
இளைஞர் அணி, வடசென்னை மண்டலப்
பேச்சுப்போட்டிப் பதாகையை.

எனக்கு மணி அடிக்கும் வேலை.
நான்காம் நிமிடம் ஒரு முறை.
ஐந்தில் இரண்டு முறை.
அதற்கு மேல் பேசினால் மதிப்பெண் போகும்,
மைக்செட்காரர் பொத்தானைத் தேடுவார்.
முப்பத்தைந்து தாண்டியவனுக்கு இளைஞர் அணியில்
வேறென்ன கொடுப்பார்கள்?
ஒரு காலத்தில் நானும் அந்த மைக்கைப் பிடித்தவன்.
பகுதிச் செயலாளர் தோளில் தட்டி
'நல்லா வருவே தம்பி' என்றார்.
வந்தேன். மணி வரைக்கும்.

தலைப்பு: கட்சிக்குத் தேவை கட்டுப்பாடா, கேள்வியா?
எவர்சில்வர் சொம்பில் சீட்டுக் குலுக்கினோம்.
கட்டுப்பாடு கிடைத்தவர்கள் சிரித்தார்கள்.
கேள்வி கிடைத்தவர்கள்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாவேந்தன், கொளத்தூர்.
பொதுக்கூட்ட மேடையில் பெயர் வைக்கப்பட்டவன்.
வணக்கத்துக்கே ஒன்றே முக்கால் நிமிடம்:
அவர்களே, அவர்களே, அவர்களே.
பிறகு அடுக்குமொழியில் ஒரு ரயில் போயிற்று,
பெட்டி பெட்டியாக,
ஏறவோ இறங்கவோ ஆளில்லாமல்.
கைதட்டல்.

அடுத்து ஜெனோவா, காசிமேடு.
சீட்டில் கேள்வி.
கையில் தாள் இல்லை.
துப்பட்டாவை இடுப்பில் முடிந்திருந்தாள்.
ஒரு 'அவர்களே'கூடக் கிடையாது.
'காலையிலேர்ந்து ஒரே ஒரு கேள்விதான்' என்றாள்,
'பொம்பளைங்க பாத்ரூம் சாவி யாருகிட்ட இருக்கு?'

மண்டபம் வெடித்தது.
நடுவர்கள் மூவரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், எச்சில் மணியில் தெறிக்க.
பின்வரிசையில் பதினோரு பெண்கள்
சிரிக்கவில்லை.

சிரிப்பு தரையிறங்கும் வரை காத்திருந்தாள்.
பிறகு மழைநீர் வடிகால் என்றாள்.
ஐஸ் ஃபேக்டரி பின்னால் நாலு நாள் நின்ற தண்ணீர் என்றாள்.
நிவாரணப் பட்டியலில்
செத்துப்போன மூன்று பேர் கையெழுத்துப் போட்டது என்றாள்.
'நம்ம வார்டு. நம்ம கவுன்சிலர். நம்ம கொடி.'
மாவட்டத்தின் கட்டைவிரல் செல்போனில் அப்படியே நின்றது.
நான்காம் நிமிடம். ஒன்று.
அவள் என் பக்கம் திரும்பவில்லை.

'எங்கப்பா இருபத்திரண்டு வருசம் கொடி கட்டினாரு.
சாரத்திலேர்ந்து விழுந்தன்னிக்கு
ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நின்னு
வட்டச் செயலாளர் கேட்டது ஒரே ஒரு கேள்வி...'

ஐந்து.
என் கை ஒழுங்காக வேலை செய்தது.
இரண்டு முறை.

'நன்றி' என்று இறங்கிவிட்டாள்.
வாக்கியம் மட்டும் மேடையிலேயே நின்றது
'திவ்'வுக்கும் 'குமாரு'க்கும் நடுவில்.

முதல் பரிசு நாவேந்தன்.
அவளுக்கு மூன்றாவது. சான்றிதழில் 'ஜனவா'.
பேனா கேட்டாள்.
மேசையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.
நின்றபடியே தன் பெயரைத் திருத்திக்கொண்டு
பிரிஞ்சிப் பொட்டலத்தோடு போய்விட்டாள்.

இரவு, 29C. நிற்கத்தான் இடம்.
அந்தக் கேள்வியை நானே கேட்டுப் பார்க்கிறேன்.
'இப்ப எப்படி இருக்கு?'
இல்லை, இதைச் சொல்லவா ஒருத்தி மேடையேறுவாள்?
'மிச்சக் கொடி எங்க?'
'ஏணி யாரோடது?'
'சாயங்காலத்துக்குள்ள வேற ஆள் கிடைக்குமா?'
எல்லாமே பொருந்துகிறது.
எல்லாமே என் குரலில் நன்றாகவே வருகிறது.

டிக்கெட், டிக்கெட் என்கிறார் நடத்துநர்.
சில்லறைக்குக் கால்சட்டைப் பையில் கைவிட்டேன்.
விரலில் இடித்தது
காலையில் மண்டப மேனேஜர் 'பத்திரம்' என்று கொடுத்த சாவி.
சிவப்பு நூலில் ஓர் அட்டை: பெண்கள்.

விசில்.
ஓட்டேரி தாண்டிவிட்டது.
நாளைக் காலை ஆறு மணிக்கு
அங்கே இன்னொரு முகூர்த்தம்.