பாதிக்கு மேல்

கைப்பிடி இல்லாத நாற்காலி,
நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் உயரம்.
சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன்.
விதிமுறை அப்படி.
கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி
முப்பது விநாடியில் எத்தனை முறை
எழுந்து உட்கார முடிகிறது?
ஆறு வருடமாக
ஔலு நகரத்து முழங்கால்களிடம்
இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வகக் கதவோரம்
பூட்ஸுகளிலிருந்து பனி உருகி ஒரு குட்டை.
கம்பளிக் காலுறையோடு வருகிறார்கள்.
காகித ஆலையில் முப்பத்தொரு வருடம்
நின்றே வேலை பார்த்த ஊர்ஹோ
பதினாறு முறை எழுந்தார்,
பதினேழாவதுக்கு என்னோடு சண்டை பிடித்தார்.
ஒரு பல் மருத்துவர், பதினொன்று.
நாளெல்லாம் குனிந்தே இருப்பதாக
முழங்காலுக்காக அவரே வாதாடினார்.

நானோ,
உட்கார்ந்தே இருப்பதன் கேடு பற்றிய கட்டுரைக்காக
ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.
தொடையில் ஒட்டும் கருவிக்கு அது தெரிந்துவிடும் என்று
கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

நேற்று ஹில்க்கா வந்தார்.
எண் இருநூற்றுப் பதினான்கு. வயது எழுபத்தெட்டு.
'கடந்த மாதம் உற்சாகமாக இருந்தீர்களா?'
ஐந்து கட்டங்களையும் விட்டுவிட்டு
ஓரத்தில் பென்சிலால்:
"ஒரு வியாழக்கிழமை. கொஞ்சம்."

சத்தமாக எண்ணினேன்.
ஆறில் மூச்சு வாங்கியது.
ஏழில் கண்ணை மூடிக்கொண்டார்.
எட்டாவதில்
மணி அடித்துவிட்டது.
இடுப்பு நாற்காலியை விட்டாயிற்று,
முழங்கால் நிமிரவில்லை,
இடையில், அந்தரத்தில்,
தொடை மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கிறது.

"போதும், உட்காரலாம்."
உட்காரவில்லை.
எண்ணுவதற்கு ஆளில்லாத
மீதி உயரத்தையும்
மெல்ல எழுந்து முடித்தார்.
சன்னலுக்கு வெளியே
உறைந்த ஆற்றின் மேல் ஒருவன்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.
"மடையன்," என்றார்,
"மார்ச் மாத ஐஸைப் போய் நம்புகிறான்."

விதிமுறை, பக்கம் நான்கு:
நேரம் முடியும்போது
பாதிக்கு மேல் எழுந்திருந்தால்
முழுதாகக் கணக்கில் கொள்ளவும்.

எட்டு என்று எழுதினேன்.
வியாழக்கிழமையை எதில் எழுதுவது?
கணினியில் ஏற்றும்போது
ஓரத்துப் பென்சில் எழுத்து உதிர்ந்துவிடும்.
அன்று என்ன நடந்தது என்று
நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பூட்ஸ் மாட்டிக்கொள்ள அவருக்கு
நான்கு நிமிடம் பத்து விநாடி.
அதையும் அளந்துவிட்டேன்,
பழக்கதோஷம்.