இருக்கு, கையில இல்லை

அஜாக்ஸ். பெப்ரவரி. இரவு பதினொன்றரை.
பேஸ்மென்டில் ஃபர்னஸ் ஒருதரம் இருமிவிட்டு ஓடத் தொடங்குகிறது.
நான் ஒரு பெட்டகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.
அதற்குக் கதவில்லை, காவலாளி இல்லை,
நாற்பத்திரண்டு எழுத்தில் ஒரு முகவரி மட்டும்.
எழுதினவர்கள் யாரென்று தெரியாது.
எழுதினதை இனி அவர்களாலும் மாற்ற முடியாது.

முதலில் அனுமதி.
என் காசை நீ எடுக்கலாம் என்று சொல்லவேண்டும்,
எவ்வளவு என்றும் சொல்லவேண்டும்.
எல்லோரும் முடிவிலி என்று போடுகிறார்கள்,
பிறகு தொந்தரவில்லை.
நான் இருநூறு என்று போட்டேன்.
ஒவ்வொரு தரமும் கேட்பாயா என்று டாரியுஷ் சிரித்தான்.
கேட்பேன்.

பிறகு புள்ளி.
காசுக்கு ஆறு தானம், பங்குக்குப் பதினெட்டு.
இடையிலிருந்த பன்னிரண்டு பூச்சியங்களில்
இரண்டு நாள் போயிற்று.
சோதனை வலையில் ஒரு பொய்க் கணக்கின் இருநூறு டொலர்
இருநூறு இலட்சம் கோடியாகி மின்னியது.
தேத்தண்ணி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு வகுத்தேன்.

வகுத்தால் ஒரு துளி மிஞ்சும்.
போடும்போதும் எடுக்கும்போதும்
அது பெட்டகத்தின் பக்கமே விழும்.
பிழையில்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறது.
சதக்காசை ஒழித்துவிட்ட இந்த நாட்டில்
மீன்கடைக்காரர்கூட
ஒருநாள் மேலே வளைப்பார், ஒருநாள் கீழே.

இன்றைக்குத் திருப்பி எடுக்கிற வேலை.
சோதனை வலை அல்ல, என் சொந்தக் காசு.
இருப்பு எவ்வளவு என்று கேட்டேன்.
இருநூற்று மூன்று டொலர், பதினொரு சதம்.
எடுக்கக்கூடியது எவ்வளவு என்று கேட்டேன்.
பூச்சியம்.
இரண்டும் உண்மை.
அவ்வளவும் கடனில் போயிருக்கிறது.
எங்கோ யாரோ எதையோ ஈடுவைத்து வாங்கியிருக்கிறார்கள்.
வட்டி ஏறும், சுடும்,
சுட்டால் கட்டுவார்கள், கட்டினால் எனக்கு வரும்.
தெரிந்துகொண்டே இழுத்துப் பார்த்தேன்.
மறுத்துவிட்டது.
காரணம் இருக்கவேண்டிய இடம் வெறுமை.

அந்த வெறுமையில் ஒரு வசனம் வைக்கத்தான்
எனக்குச் சம்பளம்.
இரவு வேலை முடிந்து பஸ்ஸில் கைபேசியைத் திறக்கிறவர்
ஒப்பந்தத்தை வாசிக்கமாட்டார், என்னைத்தான் வாசிப்பார்.

பரிவர்த்தனை தோல்வி.
அழித்தேன். தோற்றது யார்?
சிறிது நேரத்தில் முயலவும்.
எவ்வளவு நேரம்? பெட்டகத்துக்கே தெரியாது.
போதிய திரவத்தன்மை இல்லை.
வாய் கொப்பளிக்கவேண்டும் போலிருந்தது.

தவமலர் அக்கா சீட்டுப் பிடித்த வருடம்,
மார்க்கம் வீதி அடுக்குமாடியில் பன்னிரண்டு பேர்,
மாதம் ஐந்நூறு.
கடைசிச் சீட்டு என்னுடையது,
கழிவில்லாமல் முழுதாக வரவேண்டியது.
முன்னரே கூறி எடுத்த ஒருவர் கட்டவில்லை.
அக்கா மணியடித்தார்,
சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே நின்றார்.
"காசு இருக்கு. கையில இல்லை."
தெருவின் உப்புத்தண்ணி
சப்பாத்திலிருந்து என் விரிப்பில் வடிந்தது.
நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தேன்.
ஏழாம் கிழமை தந்தார், ஐம்பது குறைய.
அந்த ஐம்பதை அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

தட்டினேன்:
உங்கள் பணம் இருக்கிறது. இப்போது கையில் இல்லை.
ஆங்கிலத்திலும் அதையே வைத்து அனுப்பினேன்.

டாரியுஷ் இன்னும் தூங்கவில்லை.
வரியின் கீழே ஒரு கேள்வி:
யாருடைய கையில்?

பதில் பெட்டியில் கோடு துடிக்கிறது.
முகவரியை மறுபடி பார்க்கிறேன்,
பூச்சியத்திலிருந்து கடைசி எழுத்துவரை.
ஒன்றும் எழுதாமல் எண்ணைப் புதுப்பிக்கிறேன்.
எடுக்கக்கூடியது: பதினேழு டொலர்.
யாரோ கட்டியிருக்கிறார்கள்.
மணி அடிக்கவில்லை.
விரிப்பு காய்ந்துதான் கிடக்கிறது.