அக்கரைக்கு ஓர் அட்டை

முதலில் பின்னைப் பிடுங்க வேண்டும்.
வக்கீல் அலுவலகத்தில்
ஒரே மூலையில் மூன்று அடித்திருக்கிறார்கள்,
ஆறு பக்கமும் ஒன்றைவிட்டு ஒன்று
ஓடிப்போய்விடும் என்பதுபோல.

பிறகு கிழிக்க வேண்டும். கத்தரிக்கோல் ஆகாது,
வெட்டினால் நார் குட்டையாகிவிடும் என்று
நூலகத்தில் வகுப்பெடுத்த பெண் சொன்னாள்.
தபால்தலை அளவுக்குக் கிழி என்றாள்.
கிழித்தேன்.
இத்தனை சுகமான வேலை
ஐம்பத்திரண்டு வயதில்தான் எனக்கு வாய்த்தது.

ஒரு ராத்திரி முழுக்க வாளியில் ஊறியது வழக்கு.
நண்டுப் படகு ஒன்று, கூடுகள் நாற்பது,
முதலாம் தரப்பு நான்,
இரண்டாம் தரப்பு அவன்,
கீழே ஒரு நீல முத்திரை.
காலையில் கைவிட்டுப் பார்த்தால்
யார் பக்கம் நியாயம் என்று
விரலுக்குத் தெரியவில்லை.

மிக்ஸியில் மூன்று சுற்று.
கூழில் நீலம் ஏறியது,
காற்று இறங்கிப் படகு விடுகிற நாளில்
புன்தா அரேனாஸில் ஜலசந்திக்கு வருமே,
அந்த வெளிறல்.
ஒரு பிடி வெங்காயச் சருகு போட்டேன்.
கிடங்கிலிருந்து என் ஸ்வெட்டரோடு வந்த
ஆட்டு மயிரும் கொஞ்சம் விழுந்தது,
அது நான் போட்டதில்லை.

சல்லடைக்குக் கொசுவலை நல்லதாம்.
இந்த ஊரில் கொசு ஏது,
காற்று நிற்க விட்டால்தானே.
கிழிந்த நைலான் காலுறையை
ஒரு போட்டோச் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன்.
சட்டத்தில் இருந்த படம் இப்போது
மாவு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது:
படகின் மூக்கில் இரண்டு பேர்,
அவன் கையில் என் தொப்பி.

முக்கி, நிமிர்த்தி, வடியவிட்டு,
கம்பளித் துணியில் கவிழ்த்து, பஞ்சால் ஒற்றி,
சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன்.
வெளியே காயப்போட்டால்
நான் முகவரி எழுதும் முன்பே
அவன் கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

காய்ந்தபின் பார்க்கிறேன்,
வலது மூலையில் ஒரு துணுக்கு
அரைபடாமல் படுத்திருக்கிறது:
'இரண்டாம்'.

ஊசியால் நெம்பினேன்.
தாள் உரியத் தொடங்கியது. விட்டுவிட்டேன்.
தரப்பு கரைந்துவிட்டது.
இரண்டாம் மட்டும்.

அம்மாவுக்கு இரண்டாம் பிள்ளை.
இரண்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன்.
கிழங்கில் இரண்டாம் தட்டு வேண்டுமென்றால்
கேட்காமல் என் தட்டைப் பார்ப்பவன்.

எழுத உட்கார்ந்தால்
பேனா சொரசொரப்பில் தடுக்குகிறது.
'நிகனோர், ஐம்பது' என்று எழுதினேன்.
ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததில்
வேறெதுவும் அந்த மேட்டில் ஏறவில்லை.
கீழே, ஒடிலியா.
மை பரவி
என் பெயருக்குக் கால் முளைத்திருந்தது.

போர்வெனீருக்கு மூன்று நாள் படகு விடவில்லை.
நான்காம் நாள் விட்டார்கள்.
அவன் பிறந்தநாள் இரண்டாம் நாளே போய்விட்டது.

ஜூலையில் ஒரு பழுப்பு உறை வந்தது,
கனமாக.
மறுபடியும் நோட்டீஸ் என்று
அடுப்படியில் நின்றபடியே கிழித்தேன்.

நோட்டீஸ்தான்.
அவனுக்குப் போன பிரதி. ஆறு பக்கம்.
பின்களைப் பிடுங்கி,
மடிப்பு போக இஸ்திரி போட்டு,
ஒரு மூலையில் இஸ்திரி சுட்ட தடத்தோடு.
மேலே பென்சிலில், வலப்பக்கம் சாயும் அந்த எழுத்தில்:
'காகிதம் போதாவிட்டால்.'

வாளியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
உள்ளே என் மகன் பாஸ்குவால்
மிக்ஸியில் வாழைப்பழப் பால் அடித்துவிட்டு
ஏன் நீலமாக இருக்கிறது,
ஏன் நீலமாக இருக்கிறது என்று
கத்திக்கொண்டிருக்கிறான்.