நட்சத்திரக் குறி

தக்குவாரெம்போ கம்பளிக் கூட்டுறவுச் சங்கத்தில்
மேசைக்கடியில் ஒரு பழுப்புப் பெட்டி,
மூடிமேல் காய்ந்த மாத்தே இலைத்தூள்.
பெட்டி மூன்று முறை மாறிவிட்டது.
உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் மாறவில்லை.
அதை எழுதிய வாஷிங்டன் ஒலிவேரா
ஸ்பெயினுக்குப் போனவன், திரும்பவில்லை.
கையேடு கிடையாது.
திரை ஓரத்தில் ஒட்டிய ஒரே சீட்டு:
நில்டாவைக் கேள்.

இதை நான் சர்வரில் ஏற்ற வேண்டும்.
சர்வர் மோன்டெவிடியோவில் எங்கோ
குளிரூட்டிய அறையில்; நான் பார்த்ததே இல்லை.
அறுபத்து நான்கு பிட் பெரியதனம்
முப்பத்திரண்டு பிட் டிரைவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
ஒரு செட்டிங்கை மாற்றினேன்,
வேண்டாவெறுப்பாகப் பார்த்தது.
அப்புறம் ஃபோல்டரைத் திற என்றேன்,
நீ யார் என்றது.
அப்புறம் பூட்டு.
நில்டா எச்செவெரியின் பத்து விரல்களை மட்டும்
அறிந்த ஃபைல் அது.
நாற்பது பேர் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினால்
என்ன செய்யும் பாவம்,
தாழ் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும்.

பெயருக்குப் பன்னிரண்டு எழுத்துதான் இடம்.
ஆக இந்த ஊரில் மூன்று குடும்பங்கள்
பாதிப் பெயரோடு கம்பளி விற்றிருக்கின்றன.
முன்யோஸின் பெயர் நடுவே
ஒரு நாணயக் குறி முளைத்திருந்தது.
அவருக்கு அது பிடித்துப்போய்
மாற்றாதே என்றார்.

வியாழன் இரவு பக்கம் திறந்தது.
வெள்ளி காலை ஏழுக்கு
ரூபென் துத்ரா வந்து நின்றார், தொப்பி கையில்.
மகள் போனில் காட்டினாளாம்:
துத்ரா, எலாதியோ. பாக்கி. 14/02/89.
"அப்பா வாங்கியது.
இன்றைய பணத்தில் எவ்வளவு என்று தெரியவில்லை,
இருந்ததைக் கொண்டுவந்தேன்."

நில்டா நாற்காலியை விட்டு எழவில்லை.
"அப்படி ஒரு கடன் இல்லை."
"திரையில் இருக்கிறதே."
"இல்லை."

ஒன்றல்ல, இருநூற்றுப் பதினேழு.
எல்லாம் அதே கோடை, மழை எட்டிப்பார்க்காத கோடை.
ஒவ்வொரு வரியின் முதல் பைட்டிலும்
ஒரு நட்சத்திரக் குறி.
இந்த வகை ஃபைல் எதையும் அழிப்பதில்லை.
அழி என்றால்
வரியின் நெற்றியில் ஒரு பொட்டை வைத்துவிட்டு
அடுத்த வேலைக்குப் போய்விடும்.
பொட்டு வைத்ததைப் பழைய நிரல் வெளியே காட்டாது.
என் நிரலுக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

யார் சொல்லி என்று நான் கேட்கவில்லை.
பிறகு தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினேன்,
அந்தக் கோடையில் அப்படி ஒரு தீர்மானமே இல்லை.

துத்ரா நோட்டுகளை எண்ணி வைத்தார்.
நில்டா எண்ணாமல் தள்ளினாள்.
அவரும் தள்ளினார்.
நடுவில் மாத்தே குடுவை சாய்ந்து
விசைப்பலகை பச்சையானது.
அதற்குள் நான் ஒரு வரி சேர்த்திருந்தேன்.
"இன்னொரு தடவை தேடிப் பாருங்கள்."
துத்ரா, எலாதியோ: பதிவு ஏதுமில்லை.
அவர் வெகுநேரம் பார்த்தார்.
பணத்தை எடுத்துக்கொண்டார்,
தொப்பியை மறந்துவிட்டார்.

மாலையில் நில்டா கேட்டாள்,
"உள்ளே இன்னும் இருக்கிறதா?"
"இருக்கிறது. ஒரே கட்டளை போதும்,
சுவடில்லாமல் போய்விடும்."
ஈரத்துணியால் விசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
"இருந்துவிட்டுப் போகட்டும்.
தீனியா கேட்கிறது?"

இரவு இரண்டு மணிக்கு சர்வர் பேக்கப் எடுக்கிறது,
இருநூற்றுப் பதினேழையும் சேர்த்து.