முடியளவு இடைவெளி

வெளியே மைனஸ் நாற்பத்து நான்கு.
யாகூத்ஸ்கில் அதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.
என் மேசைக்கடியில் தொண்ணூற்றொன்பது.
இரண்டுக்கும் நடுவே நான்,
கம்பளிக் காலுறையும் கையில்லாச் சட்டையுமாக.

இன்னும் நாற்பது ஆண்டில்
எங்கள் ஊர் உறைமண் எவ்வளவு இளகும் என்ற கணக்கு
விடிய விடிய ஓடவேண்டும்.
பதினோராம் நிமிடம் ஃபேன் அலறும்.
பதிமூன்றாம் நிமிடம் திரை இருளும்,
சொல்லாமல் கொள்ளாமல்.

முதலில் தூசி தட்டினேன்.
மர்ஃபாவின் சாம்பல் முடி
இன்னொரு பூனை செய்யுமளவு வந்தது.
சூடுகண்ட பூனை அடுப்படி அண்டாது என்பதை
மர்ஃபா கேள்விப்பட்டதில்லை;
பெட்டியின் மேல்வலைதான் அவள் கட்டில்.
முடி போனது. இரண்டு டிகிரி போனது.

ஜன்னலைத் திறந்து வையேன், என்றான் துலுஸ்தான்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.
நான் சிரிக்காமல் திறந்தேன்.
வெண்மூட்டம் விளிம்பேறிக் குதித்தது,
பெட்டியை நனைத்துக்கொண்டு போனது.
மூடியதும் தகடெல்லாம் வியர்த்தது.
பயந்துபோய்த் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன்.
ஒரு ஊரையே உறையவைக்கிற குளிருக்கு
ஒரு தபால்தலை அகலத்தை எட்டத் தெரியவில்லை.

சுடும் என்று நினைத்துக் கூலரைத் தொட்டேன்.
சுடவில்லை.
மறந்து வைத்த தேநீர்க் கோப்பைபோல வெதுவெதுப்பு.
அப்போதுதான் பிடிபட்டது:
கீழே கொதிப்பது மேலே தெரியவே இல்லை.

கழற்றினேன்.
நாலு காலில் ஒன்று ஊன்றவில்லை, நுனி முறிந்திருக்கிறது.
பேஸ்ட்,
வற்றிய ஏரியின் சேறாய் வெடித்துக் கிடக்கிறது.
முடியளவு இடைவெளி.
அதில் காற்று.
எத்தனை நாளாகவோ.

எங்கள் கட்டடம் தூண்கள்மேல் நிற்கிறது.
அடியில் ஆள் குனிந்து போகலாம்,
நாய்கள் நிமிர்ந்தே போகும்.
வீட்டுச் சூடு மண்ணைத் தொட்டால் மண் இளகும்,
மண் இளகினால் சுவர் விரியும்;
அடுத்த தெருவில் அகஃபியாவின் சமையலறைச் சுவரில்
இப்போது கை நுழைகிறது.
தூணுக்கடியில் இடைவெளி இருக்கிறதா என்று
குனிந்து குனிந்து பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.
அந்த நான்,
ஸ்க்ரூடிரைவரும் கையுமாகத் தரையில்,
இந்த இடைவெளியைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம்.

கடையில் அல்பீனா தண்ணீர் கூலரைக் காட்டினாள்.
நீலமாய் ஒளிர்ந்தது.
லாரியில் வந்த வழியெல்லாம் மைனஸ் ஐம்பது,
குழாய்க்குள் என்ன ஆனதென்று யார் பார்த்தது?
உறையாத திரவம் என்று எழுதியிருக்கிறதே, என்றாள்.
எழுதியிருக்கிறது, என்றேன்.
அடுத்து இரட்டைக் கோபுரம்.
அதன் உயரம் நூற்றறுபத்தைந்து மில்லிமீட்டர்,
என் பெட்டியின் உள் உயரம் நூற்றறுபது.
மூடியைக் கழற்றியே வைத்திருக்கலாமே?
மர்ஃபாவை நினைத்தேன்.
ஒற்றைக் கோபுரம், ஆறு செப்புக் குழாய்,
ஒரே ஒரு ஃபேன், விளக்கு கிடையாது.
பழையது அறுபத்தைந்து வாட்டுக்குப் பிறந்தது;
அதன் தலையில் இருமடங்கு ஏற்றியவள் நான்தான்.
கொடுத்த விலை ஒன்று,
துலுஸ்தானிடம் சொன்ன விலை வேறு.

கொண்டுவந்ததைப் பிரிக்கக்கூடாது.
வெளிக்குளிர் உடம்பைவிட்டு இறங்கும்வரை
வாசற்கதவோரம் கிடக்கவேண்டும், ஆறு மணி நேரம்.
ஆச்சா? என்றான் இரண்டு தடவை.
இன்னும் கோட்டைக் கழற்றவில்லை, என்றேன்.

நள்ளிரவில் ஒரு பயறளவு பேஸ்ட்.
குறுக்குக் குறுக்காக அரைச் சுற்று, அரைச் சுற்று.
அழுத்தும்போது மூச்சைப் பிடித்திருந்தேன்போல,
பிறகுதான் விட்டேன்.

அறுபத்து மூன்று.
பதினோராம் நிமிடம் கடந்தது. பதிமூன்று கடந்தது.
மேல்வலையில் முன்னைவிடச் சூடான காற்று;
மர்ஃபா வயிற்றைப் பரப்பிப் படுத்துவிட்டாள்.
விடியுமுன் கணக்கு முடிந்தது.
எங்கள் தெரு வந்தது, அகஃபியா தெரு வந்தது,
ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு எண்.
திரும்பவும் ஓட்டினேன். அதே எண்.

துலுஸ்தான் கண்ணைக் கசக்கியபடி வந்தான்.
என்ன இப்படிப் புழுங்குது, என்று
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தான்.