மண் தூவுதல்

வாத்தின் கண்ணில் மண்ணைத் தூவ
முதலில் படகின்மேல் தூவ வேண்டும்.
பச்சையும் பழுப்புமாய் அடித்த பெயின்ட்
பிசுபிசுக்கும்போதே, பிடி பிடியாய்.
காய்ந்தபின் துடைப்பத்தால் தட்டினால்
மினுக்கம் செத்திருக்கும்.
மினுக்கம்தான் எதிரி. நிறமில்லை.
ஒரு ஆணித்தலை போதும்,
அரை மைலுக்கப்பால் வரும் கூட்டம்
மனதை மாற்றிக்கொள்ள.

பன்னிரண்டடி அலுமினியம், தட்டை அடி,
ஏலத்தில் இருநூற்றைம்பது டாலர்.
விஸ்கான்சினில் செப்டம்பர் கடைசி.
பனி தள்ளும் இயந்திரத்தை ஓரங்கட்டி
கராஜில் இடம் பண்ணினோம்
நானும் லொரெய்னும்.

விலா எலும்புபோல் வளைத்த குழாய்கள் ஆறு.
அவற்றின்மேல் பழைய மீன்வலை.
வலைக்கண்களில் கோரையை முடிந்தாள்,
பல்லிடுக்கில் கயிற்றுத் துண்டுகளைக் கவ்வியபடி.
பேச்சில்லை.
(வாய் காலியாக இருக்கும் நாளிலும்
அவ்வளவாக இல்லை.)
நான் நேர் நேராகக் கட்டியதை
அவிழ்த்துப் போட்டாள்.
"புல் எங்கே வரிசையில் நிற்கிறது?"

மூன்றாம் நாள் காலை
கூபியாக் வீட்டு ஆடு வேலி தாண்டி வந்து
வலப்பக்கம் ஒரு முழத்துக்கு
மேய்ந்துவிட்டுப் போயிருந்தது.
நான் கத்தினேன்.
அவள் சிரித்தாள். கோடையிலிருந்து
நான் கேட்காத சிரிப்பு.
"ஆடே நம்பிவிட்டது. வாத்து எம்மாத்திரம்?"
மிச்சமிருந்த கோரையை வைத்து
அரைகுறையாய் அடைத்தோம்.

மோட்டாருக்குச் சாக்கு உறை.
துடுப்பு உரசும் இடத்தில் சைக்கிள் ட்யூப்,
ஓசை எழாமலிருக்க.
துப்பாக்கிகளுக்கு மரத் தாங்கி,
முனை வெளிப்பார்த்து.
டர்னிப் முன்னால் (நாய்), நான் பின்னால்;
அவள் எங்கே உட்கார்ந்தாலும்
படகு ஒருச்சாய்ந்தது.
கடைசியில் பேட்டரியை நகர்த்தினோம்.
பொய் வாத்துகள் இரண்டு டஜன்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு, ஒரு ஈயக் குண்டு.

பாய்கன் ஏரியின் மேற்குக் கோரைக்காடு.
விடிய இன்னும் கொஞ்ச நேரம்.
ஒரு பொய் வாத்து கயிறறுந்து
நிஜ வாத்தின் தோரணையில் கிளம்பிவிட்டது.
இடுப்பளவு நீர். இறங்கி நடந்தேன்.
பிடித்தேன். திரும்பினேன்.

படகில்லை.

கோரை. கோரைக்குப் பின்னால் கோரை.
நான் அடித்த பெயின்ட், நான் தூவிய மண்,
என் கண்ணிலேயே.
"லொரெய்ன்" என்றேன், மெதுவாக.
பிறகு அவ்வளவு மெதுவாக இல்லை.
இருபது கஜத்துக்குள்தான் இருக்கிறாள்.
மூச்சு விடுகிறாள்.
என்னைப் பார்த்துக்கொண்டும் இருப்பாள்.
வீட்டிலும் சில மாலைகள் இப்படித்தான்:
விளக்கு எரியும், அடுப்பில் ஏதோ கொதிக்கும்,
ஆள் எந்த அறையில் என்று தெரியாது.

தலைக்குமேல் காற்று கிழிந்தது.
கிளுவைகள், ஏழோ எட்டோ,
சிறகை வளைத்துக் காலை நீட்டி
இறங்க வந்தன.
அந்த ஏரியில் அன்று
ஒளித்துவைக்காத ஒரே பொருள் நான்.
கண்டன. எகிறின.
வானம் பழையபடி.

அப்போது, நான் தேடாத பக்கத்தில்
ஒரு புதர் மட்டும்
காற்றில்லாமல் ஆடியது.
ஆடு மேய்ந்த ஓட்டை வழியே
டர்னிப்பின் வால்.

"கூப்பிட்டேனே!"
"கேட்டது."
"பிறகு?"
"வாத்து வந்துகொண்டிருந்தது" என்றாள்.
கோரைக்குள்ளிருந்து
ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

பிடித்து ஏறினேன்.
பூட்ஸில் ஆளுக்கொரு வாளி ஏரி.
ஃபிளாஸ்க்கில் காபி பாதி குறைந்திருந்தது.
எனக்கென்று வைத்திருந்த பாதி
இன்னும் சுட்டது.

நவம்பர் வந்துவிட்டது.
அந்த ஓட்டையை அடைக்கக்
கோரை அறுத்துக் கட்டி
கராஜ் சுவரில் சாய்த்திருக்கிறேன்.
சாய்த்தபடியே இருக்கிறது.