இருபத்து நான்கு நொடி

மைனஸ் ஐம்பத்து மூன்று.
யானா ஆற்றின்மேல் லாரி ஓடும் டிசம்பர்.
இந்த ஊரிலேயே எனக்கு மட்டும்தான் வியர்க்கிறது.

ஒன்றாம் எண் எஞ்சின், நொடிக்கு இருபத்தைந்து சுற்று.
அது சுழற்றும் நான்கு துருவக் காந்தம்
செப்புச் சுருள்களுக்கு நடுவே, ஒன்றையும் தொடாமல்.
வடதுருவம் கடந்தால் ஒரு தள்ளல்,
தென்துருவம் கடந்தால் ஓர் இழுப்பு.
நொடிக்கு ஐம்பது முறை போய்த் திரும்பும் மின்சாரம்
எந்த வீட்டிலும் உட்காராத விருந்தாளி.

எனக்கு ஜன்னல் இல்லை. ஊசிகள் உண்டு.
ஆம்பியர் ஊசி சிலிர்த்தால்
உய்குலான் வெல்டிங் வைக்கிறான்.
ஐந்து மணிக்கு மெல்ல ஏறினால்
கொட்டிலில் பால் கறக்கிறார்கள்.
நள்ளிரவில் திடுமென ஒரு படி ஏறினால்
ஃபெவ்ரோனியா கத்தரிக்கோலைக் கொதிக்கவைக்கிறாள்:
யாருக்கோ இடுப்பு வலி.

இன்று பன்னிரண்டே முக்காலுக்கு ஏறியது.

ஊரில் ஒரு சுவிட்சைப் போட்டால்
இங்கே காந்தத்துக்குக் கனக்கும். சுற்று தளரும்.
கவர்னரின் எடைக்குண்டுகள் உள்ளே சரியும்,
சரிந்த அளவுக்கு டீசல் திறக்கும்.
வோல்ட்டுக்கு வேறொரு காவல்,
சோப்புப்பெட்டி அளவு.
நானூறைத் தவிர எதையும் நம்பாது;
குறைந்தால் காந்தத்துக்கு ஊட்டும்,
கூடினால் தட்டைப் பிடுங்கும்.
இருவரும் பேசிக்கொள்வதே இல்லை,
என் மாமனார் மாமியார் மாதிரி.
ஆனாலும் குடும்பம் நடக்கிறது.

ஒன்று பத்துக்கு எஞ்சின் இருமியது.
கோடை டீசலை எவனோ கலந்திருக்கிறான்;
குழாயில் மெழுகு, வடிகட்டியில் மெழுகு.
முழுக்கத் திறந்துவிட்டுக் கவர்னர் கைவிரித்தது.
நாற்பத்தொன்பது ஹெர்ட்ஸ்.
வோல்ட் ஊசி மட்டும் நானூறில்,
கடன்காரன் வந்த வீட்டில் கோலம் போடுகிறவள் போல.

இரண்டாம் எண்ணைக் கிளப்பினேன்.
சுற்றுகிறது, நன்றாகவே சுற்றுகிறது,
வோல்ட் பூஜ்யம்.
அக்டோபரிலிருந்து சும்மா நின்றதில்
இரும்பில் ஒட்டியிருந்த துளிக் காந்தமும் போயிருந்தது.
அதுதான் உறை.
உறை ஊற்றாத பாலை
விடியும்வரை வைத்திருந்தாலும் தயிராகாது.

உய்குலான் தன் பனிவண்டி பாட்டரியை
குழந்தையைப் போல் கோட்டுக்குள் பொதிந்து வந்தான்.
பன்னிரண்டு வோல்ட்.
எக்சைட்டர் முனைகளில் மூன்று எண்ணும்வரை தொட்டேன்.
முப்பது. நூற்றிருபது. நானூறு.
அவன் கையுறையைக் கழற்றிக் கைதட்டினான்.

இனி இரண்டையும் சேர்க்க வேண்டும்.
பலகையில் மூன்று பல்புகள், இரண்டு எஞ்சினுக்கும் இடையில்.
படபடவென்று எரிந்து அணைந்தன:
இவள் ஐம்பது, அவள் நாற்பத்தொன்பது.
கிழவியை ஓடச் சொல்ல முடியாது,
புதியவளை நடக்கச் சொன்னேன்.
பல்புகள் நிதானமாயின.
எரிந்து... மங்கி...
வெளிச்சத்தில் பிரேக்கரைத் தள்ளினால்
தண்டு முறுக்கிக்கொள்ளும், செம்பு கருகும்.
மூன்றும் அணைந்த நடு இருட்டில்,
இரண்டு அலையும் ஒரே மேட்டில் ஏறும் கணத்தில்,
தள்ளினேன்.

ஒரு சத்தம்கூட இல்லை.

ஒன்றரை மணி. பாரத்தை இறக்கிக்கொண்டு
ஒன்றாம் எண் ஓய்ந்தது.
நான் கணக்கில் உட்கார்ந்தேன்.
ஊரின் சுவர்க்கடிகாரங்கள் எண்ணுவது
என் ஹெர்ட்ஸைத்தான்.
இருபது நிமிடம் நாற்பத்தொன்பதில் ஓடியதால்
ஊர் முழுக்க இருபத்து நான்கு நொடி பின்தங்கியிருக்கிறது.
ஐம்பது புள்ளி இரண்டில் ஓட்டினால்
நூறு நிமிடத்தில் அடைபடும்.
ஒன்று நாற்பதுக்குத் திருகைத் தொட்டேன்,
தூங்குகிறவர் போர்வையை இழுத்துவிடுவது போல.

இரண்டு இருபத்திரண்டு.
ஆம்பியர் ஊசி ஒரு படி இறங்கியது.
பிறகு தொலைபேசி. ஃபெவ்ரோனியா.
"பெண். மூன்று கிலோ நூறு.
நேரம் சரிதானே, உன் விளக்கு ஒருதரம் மங்கியதே?"

"சரிதான்" என்றேன்.
பதினான்கு நொடி இன்னும் பாக்கி.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.